மொட்டை மாடியில் கலந்துபோன கொட்டிச் செடிகள்

தமிழரசிக்கும், உன்னோடு இந்த மாதம் வேலைக்குச் சேர்ந்திருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் அப்பா எழுதுவது.

"இத்தனை வருஷம் காலேஜ் செடி ரூம்லயே இருந்தீங்களே, எங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்கப்பா" என்று நீ கேட்டாய். செடியை எப்படி அமுக்குவது, பசை எப்படிக் காய்ச்சுவது, பூச்சி வராமல் என்ன போடுவது என்பதையெல்லாம் அங்கேயே சொல்லித் தருவார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்துவிட்டுச் செடி ரூமில் உதவியாளாகச் சேர்ந்தவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கச் செடிப் பேர்தான். அதுவும் இங்கிலீஷ் இல்லை, லத்தீன் என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் பாடம் நடத்த மாட்டேன். 'தானே' புயல் அடித்தபோது எங்கள் காலேஜில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதற்குள்ளேயே சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது.

புதுசாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. செடி ரூமில் பீரோ பீரோவாகக் காய்ந்த செடி இருக்கிறதே, வெளியாட்கள் வந்து பார்த்தால் சிரிப்பார்கள். "இன்னா சார், வைக்கோலைப் பூட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். அந்தச் செடி எந்த ஊரில், எந்தக் குளத்தில், எந்த மாதம், யார் கையால் எடுத்தது என்று ஒரு சீட்டு அதோடு இருக்கும். அந்தச் சீட்டு இருக்கிற வரைக்கும் அது செடி. சீட்டு போய்விட்டால் வைக்கோல்.

எங்கள் காலேஜ் கடலூரில். 2011 டிசம்பர் முடிகிற நேரத்தில்தான் புயல் வந்தது. விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். ஏறி மிதித்தது கொஞ்ச தூரம்தான், மிச்ச தூரம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கித்தான் போனேன். செடி ரூமின் மேலே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி இல்லை. இரும்பு பீரோவில் இருந்த பழைய செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நனைந்தது முழுக்க ரேவதியுடையது.

ரேவதி யார் என்று சொல்லிவிடுகிறேன். கடலூருக்குப் பக்கத்திலே ஒரு மீனவர் குப்பத்துப் பெண். அவள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். எங்கள் தாவரவியல் மேடத்திடம் பி.எச்.டி. பண்ணிக்கொண்டிருந்தாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரம் வரைக்கும் இருக்கிற குளம், ஏரி, பள்ளம் எல்லாவற்றிலும் இறங்கி நீர்ச்செடி எடுத்து வந்தவள். மற்றப் பிள்ளைகள் கரையில் நின்றுகொண்டு கூலி ஆளை இறங்கச் சொல்வார்கள். இவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே இறங்கிவிடுவாள். அந்தச் செடிகள் எல்லாம் பழைய நியூஸ்பேப்பர் மடிப்புக்குள்ளே, அட்டைப்பெட்டிகளில் இருந்தன. அட்டையில் ஒட்டி நம்பர் போட்டு பீரோவில் ஏற்றுவது கடைசியில்தான். ஒட்டி முடித்தால்தான் மேடம் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்து விழுந்தால்தான் பட்டம். அவள் வீட்டில், "இந்த வருஷத்தோட முடிச்சிடு, அப்புறம் உனக்குக் கல்யாணம்" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

நான் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே ஹாஸ்டலில் இருந்த பசங்க கொஞ்சம் பேர் வந்துவிட்டார்கள். நல்ல பசங்க. யாரும் கூப்பிடாமல் தாங்களாகவே வந்து, தண்ணீரை வாரிக் கொட்டி, பெட்டிகளைத் தூக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் மாடி ஏறிப் பார்த்தால், ஒரு பெட்டிச் செடி முழுக்கத் தரையில் விரிந்து கிடக்கிறது.

"அண்ணே, பேப்பர்லாம் சொதசொதன்னு இருந்துச்சு. செடி அழுகிடும்னு பிரிச்சுக் காயப் போட்டுட்டோம்."

"பேப்பரு எங்கடா தம்பி?"

"அத கீழ குப்பையில போட்டுட்டோம்ணே. ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு."

அவன் முகத்தைப் பார்த்தேன். மழையில் நனைந்து, கை எல்லாம் சேறு. பாராட்டுவேன் என்று நிற்கிறான். திட்ட வாய் வரவில்லை. கீழே ஓடிப்போய்க் குப்பையைக் கிளறினேன். பேப்பரும் சீட்டும் ஒன்றாகக் கரைந்து கூழாகிக் கிடந்தன. ஜெல் பேனாவில் எழுதிய எழுத்து நீல நீலமாக வழிந்திருந்தது.

மறுபடி மேலே போய், "மிச்சப் பெட்டியை யாரும் தொடாதீங்க. ஈரமாவே இருக்கட்டும். மடிப்பைப் பிரிக்காம அப்படியே வைங்க" என்றேன். "அழுகிடாதாண்ணே?" என்று ஒருவன் கேட்டான். "அழுகினா செடி மட்டும் போவும். கலந்தா எல்லாம் போவும்" என்றேன். பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் கை பரபரக்கும். எதையாவது செய்தால்தான் மனசு ஆறும். பிரிக்காமல் சும்மா வைத்திருப்பதுதான் பெரிய வேலை என்று அப்போது தோன்றாது.

மதியத்துக்கு மேல் ரேவதி வந்தாள். அவள் அண்ணன் மணி பைக்கில் கொண்டுவந்து விட்டான். அவர்கள் வீட்டுக் கூரையும் போய்விட்டது, படகும் உடைந்துவிட்டது. மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை.

"எந்தப் பெட்டிண்ணே?"

"மூணாவது பெட்டிம்மா."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மிச்சப் பெட்டிகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. செடி காயவைக்கிற மின்சாரப் பெட்டி சும்மா கிடந்தது. ஊரில் ஈரமில்லாத பேப்பரே இல்லை. பழைய பேப்பர் கடைக்காரர் கடைக்குள்ளேயே முட்டி அளவு தண்ணீர். இன்னும் இரண்டு நாள் போனால் பூஞ்சை பிடித்துவிடும். மேடம் சிதம்பரத்தில் இருந்தார்கள், பஸ் இல்லை, போன் இல்லை. அவர்களுக்குப் பதில் பொறுப்பில் இருந்தவர் ஒரு இளம் விரிவுரையாளர். நல்ல மனுஷன். "நீங்களே பாத்து எதாச்சும் பண்ணுங்க" என்றார்.

எனக்கு ஏழுமலை ஞாபகம் வந்தது. லேடீஸ் ஹாஸ்டல் பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருந்தான். கரி போட்டுச் சூடாக்குகிற இஸ்திரிப் பெட்டி. அதற்குக் கரண்ட் எதற்கு? நானும் அவனும் மச்சான் முறை போட்டுப் பேசிக்கொள்வோம், உறவு ஒன்றும் கிடையாது. போய்ச் சொன்னேன்.

"செடிக்கு இஸ்திரியா? மச்சான், புயல்ல உனக்கு மண்டையில எதாச்சும் விழுந்துச்சா?"

"விளையாடாதடா. பேப்பர் மேலதான் போடணும். மெதுவா."

"ஊரே கூரை இல்லாம கெடக்கு, எவன் இப்ப சட்டைக்கு இஸ்திரி கேக்கப் போறான்? சும்மாதான் ஒக்காந்திருக்கேன். கொண்டா."

வண்டியைக் காலேஜ் வராந்தாவுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். முதல் மடிப்பில் ஒரு ஆம்பல் இலையைக் கருக்கிவிட்டான். வராந்தா முழுக்க வாசனை.

"மச்சான், பெட்டிய எடு, எடு!" என்று கத்தினேன்.

"சட்டையா இருந்தா சொந்தக்காரன் வந்து திட்டுவான். இதுக்கு யாரு வரப் போறா?"

"சொந்தக்காரி பின்னாடிதான் நிக்கிறா, திரும்பிப் பாரு."

ரேவதி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஏழுமலை சூட்டைக் கண்டுபிடித்துக்கொண்டான். ஈரத்தை இழுக்கப் பழைய காட்டன் புடவை வேண்டும் என்றதும் அவன் சம்சாரம் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தாள். மடிப்புக்கு மேலே புடவை, புடவைக்கு மேலே இஸ்திரிப் பெட்டி. உள்ளே இருந்த சீட்டும் செடியோடு சேர்ந்தே காய்ந்தது, மை கசிந்திருந்தாலும் எழுத்தைப் படிக்க முடிந்தது. நான் எடுத்துக் கொடுக்க, அவன் தேய்க்க, ரேவதி வாங்கி அடுக்க, மூன்று பேரும் பேச்சில்லாமல் வேலை செய்தோம். பொங்கலுக்கு முன்னால் மிச்சப் பெட்டிகள் அத்தனையும் காய்ந்துவிட்டன. கருகினது கொஞ்சம், பூஞ்சை பிடித்தது கொஞ்சம். ஆனால் ஒன்றுகூடக் கலக்கவில்லை.

இனி மூன்றாவது பெட்டி.

அதில் இருந்த பாதிச் செடிகளுக்குத் தண்டிலேயே நூல் கட்டி நம்பர் போட்டிருந்தாள். நம்பரை அவள் நோட்டோடு ஒத்துப் பார்த்ததில் அவற்றின் விவரம் எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது. நூல் கட்ட முடியாத மெல்லிய செடிகள்தான் மிச்சம். அதிலே ஒரு குவியல் கொட்டிச் செடி. உங்களுக்குத் தெரியும், குளத்தில் நீள நீளமாக இலை மிதக்குமே, கிழங்குகூடப் பசங்க தோண்டித் தின்பார்களே, அதுதான். அவள் அதை இரண்டு குளத்திலிருந்து எடுத்திருந்தாள். ஒன்று குறிஞ்சிப்பாடிப் பக்கம், மழையை மட்டும் நம்பியிருக்கிற குளம். இன்னொன்று கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் பாய்கிற குளம். ஒரே செடி இரண்டு விதத் தண்ணீரில் எப்படி வளர்கிறது, இலை எப்படி மாறுகிறது என்பதுதான் அவளுடைய முக்கியமான அத்தியாயம். இப்போது இரண்டு குளத்துச் செடியும் ஒரே குவியல். குறிஞ்சிப்பாடிக் குளம் இருக்கிறது, மறுபடி போய் எடுக்கலாம். கீரப்பாளையம் குளத்தை மண் கொட்டி மூடி மனை போட்டுவிட்டார்கள். அங்கே இனிமேல் எடுக்க ஒன்றும் இல்லை.

விரிவுரையாளர் வந்து பார்த்தார்.

"ரேவதி, இதுல என்ன கஷ்டம்? பெரிய இலையெல்லாம் வாய்க்கால் குளம், சின்ன இலையெல்லாம் மழைக் குளம். பிரிச்சு ஒட்டிட வேண்டியதுதானே?"

"சார், தண்ணி மாறினா இலை மாறுதான்னு பாக்கத்தான் இந்தச் செடியே. இலையைப் பாத்துக் குளத்தை நானே முடிவு பண்ணிட்டு, அப்புறம் குளத்தைக் காட்டி இலை மாறுதுன்னு எழுதினா என்ன அர்த்தம் சார்?"

"அதெல்லாம் சரிம்மா. நீதானே தண்ணில எறங்கி எடுத்த? உனக்குத் தெரியாதா எது எதுன்னு? யாரும் கேக்கப் போறதில்ல. உன் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் வீணாகப் போய்விடக் கூடாதே என்கிற அக்கறைதான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதே எண்ணம்தான். பசைக் கிண்ணம் என் முன்னால் இருந்தது. 'ம்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒட்டியிருப்பேன், நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

ரேவதி குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "எனக்குத் தெரியும்னுதான் தோணுது. நெஜமாவே தெரியுதான்னு பாத்துடலாம்ணே" என்றாள்.

ஒவ்வொரு செடியையும் தனித்தனிக் காகிதத்தில் வைக்கச் சொன்னாள். பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, இது கீரப்பாளையம், இது குறிஞ்சிப்பாடி என்று இரண்டாகப் பிரித்தாள். தயங்கவே இல்லை. "இந்தத் தண்டு வளைவு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றுகூட ஒன்றைப் பற்றிச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது.

"இப்ப எது எந்தக் குளம்னு காகிதத்துக்கு அடியில பென்சிலால குறி போடுங்கண்ணே. நான் திரும்பிக்கிறேன். எல்லாத்தையும் கலந்து வைங்க."

கலந்தேன். அவள் திரும்பி வந்து மறுபடி பிரித்தாள். இந்தத் தடவையும் தயக்கம் இல்லை. பிரித்து முடித்ததும் நான் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். முதலில் கீரப்பாளையம் என்று சொன்னதில் பாதி இப்போது குறிஞ்சிப்பாடிக்குப் போயிருந்தது. தண்டு வளைவு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று சொன்னாளே, அதுவும் இடம் மாறியிருந்தது.

விரிவுரையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழுமலைக்கு விஷயம் புரியவில்லை. என் காதோரம், "இன்னா மச்சான், பாஸா ஃபெயிலா?" என்று கேட்டான்.

"பசையை மூடிடுங்கண்ணே, காஞ்சிடும்" என்றாள் ரேவதி. அவ்வளவுதான் சொன்னாள்.

பஸ் ஓடத் தொடங்கியதும் மேடம் வந்தார்கள். நான் வேலையில் பார்த்தவர்களிலே பெரியவர் அவர்தான். பேர் எழுத மாட்டேன், அவர்களுக்குப் பிடிக்காது. நடந்ததைக் கேட்டார்கள். மாடியில் பிரித்துப் போட்ட பசங்களைக் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். அதன் பிறகுதான் சீட்டு என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கினார்கள். அந்த வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் நன்றி, அப்புறம்தான் தப்பு. நான் அதை அவர்களிடம்தான் பார்த்தேன். ரேவதியை அவர்கள் புகழவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"ஒரு குளத்தை வச்சு அந்த அத்தியாயம் நிக்காது. வாய்க்கால் பாயுற இன்னொரு குளம் தேடு. அடுத்த மழைக்குத்தான் கொட்டி வரும். ஒரு வருஷம் தள்ளிப்போவும். வீட்டுல நான் பேசணுமா?"

"வேணாம் மேடம். நானே பேசிக்கிறேன்."

அவள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு முழுக்கத் தெரியாது. மணி ஒருநாள் காலேஜுக்கு வந்து வராந்தாவில் நின்று கத்தினான். அது மட்டும் தெரியும்.

"ரெண்டு கட்டு செத்த செடிக்கு ஒரு வருஷமா? படகு இல்லாம நாங்க கெடக்குறோம், மாப்ள வீட்டுக்காரங்க கேக்குறாங்க, இவளுக்குக் கொட்டிக் கெழங்கு வேணுமாம்! அந்த சாரே ஒட்டிக்கலாம்னு சொன்னாராமே, உனக்கு மட்டும் இன்னா?"

ரேவதி கையைக் கழுவிக்கொண்டே வெளியே வந்தாள். "அண்ணா, நீ கடல்ல பாக்காத மீனைப் பாத்தேன்னு கரையில வந்து சொல்லுவியா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னாடி இருக்கு?"

"சொல்லுவியா, மாட்டியா?"

மணி பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. அந்த வருஷம் பூராவும் ட்யூஷன் எடுத்தாள், மற்ற அத்தியாயங்களை எழுதினாள், காய்ந்த செடிகளை என்னோடு உட்கார்ந்து ஒட்டினாள்.

எனக்கு இதிலே புரிந்தது ஒன்று. நம் வேலையில் கெட்டவனால் வருகிற தப்பு ரொம்பக் குறைவு. அந்தப் பசங்க இரக்கப்பட்டுத்தான் பேப்பரைப் பிரித்தார்கள். விரிவுரையாளர் இரக்கப்பட்டுத்தான் ஒட்டச் சொன்னார். நானும் இரக்கப்பட்டுத்தான் பசையைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அந்த ரூமில் இரக்கப்பட வேண்டிய நிலைமையில் இருந்தவள் ஒருத்திதான். அவள்தான் வேண்டாம் என்றாள். பிள்ளைகளே, உங்களிடமும் யாராவது ஒருநாள் அழுதுகொண்டு வருவார்கள். இரக்கப்படுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் நில்லுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், கூட உட்கார்ந்து ராப்பகலாக வேலை செய்யுங்கள். சீட்டில் மட்டும் இரக்கத்தை எழுதாதீர்கள்.

2012 ஐப்பசி மழைக்கு அப்புறம் குளம் தேடிப் போனோம். மேடம் என்னையும் அனுப்பினார்கள். நான் பஸ்ஸில் போய்க் கீரப்பாளையத்தில் இறங்கினால், ரேவதி அங்கே ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டுவது மணி.

"இன்னாண்ணே, அப்படிப் பாக்குற? படகு ரிப்பேர்ல கெடக்கு. நானும் சும்மாதான இருக்கேன்" என்றான். முகத்தை உர்ரென்று வைத்திருந்தான்.

நான் ஒரு டி.வி.எஸ். ஃபிப்டியை இரவல் வாங்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனேன். இரண்டு குளத்தில் கொட்டி இல்லை. ஒன்றில் இருந்தது, ஆனால் வாய்க்கால் பாயவில்லை. சாயங்காலம் ஆகும்போது, வயலுக்கு நடுவே ஒரு குளம். ஒரு ஓரத்தில் மதகு, அதன் வழியாக வாய்க்கால் தண்ணீர் இறங்குகிறது. நடுக் குளத்தில் நீள நீள இலை மிதந்து, அதற்கு மேலே கொட்டிப் பூ எழும்பி நின்றது.

ரேவதிக்கு அன்று உடம்பு சரியில்லை, காய்ச்சல். அப்படியும் துப்பட்டாவைக் கட்டினாள். மணி, "நீ இரு" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டான். கடலில் பிறந்தவன், குளத்துச் சேறு கால் வைக்கப் பிடிக்கவில்லை போல, மூச்சுக்கு ஒரு தரம் திட்டிக்கொண்டே போனான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, குனிந்து, ஒரு செடியைக் கிழங்கோடு முழுசாக எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"இதுதான?"

"அதேதான். கையை எறக்காத, அப்படியே நில்லு."

"ஏண்டி?"

"சீட்டு எழுதிக்கிறேன். எழுதினப்புறம் ஏறு."

"கரைக்கு வந்து குடுக்குறேன், அப்புறம் எழுதேன். குளுருது!"

"முடியாது. எந்த எடத்துல எடுத்தியோ அங்கயே நில்லு. மதகுலேர்ந்து எவ்ளோ தூரம் இருக்கும்?"

மணி திரும்பி மதகைப் பார்த்தான். இடுப்பில் கை வைத்து முறைக்கப் போகிறான் என்று நினைத்தேன், ஆனால் இரண்டு கையும் செடியைத் தூக்கிப் பிடித்திருந்தன. கண்ணாலேயே தூரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு வலை நீளம் இருக்கும்" என்றான்.

அவள் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள். எழுதிவிட்டு ஒரு தரம் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஊர்ப் பேர், குளத்தின் பேர், மதகிலிருந்து தூரம். கடைசியில், எடுத்தவர் என்கிற இடத்தில் அவன் பேர்.

தண்ணீரில் நின்றபடியே மணி கேட்டான், "என் பேரா? அது எதுக்கு?"

"நீதான எடுத்த?"

அவன் செடியை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டான்.